பூ விலை வரும்வரை காத்திருக்கும் டெஸ்ட்: ப்ராமிஸை மாக் செய்வது எப்படி?

ஜாவாஸ்கிரிப்ட் படிக்கத் தொடங்கியவர்கள் கூட்டல், கழித்தல் செய்கிற ஃபங்ஷன்களுக்கு யூனிட் டெஸ்ட் எழுதத் தயங்குவதில்லை. இரண்டையும் மூன்றையும் கொடு, ஐந்து வருகிறதா பார், அவ்வளவுதான். சர்வரிடம் போய் எதையாவது கேட்டு வருகிற ஃபங்ஷன் என்றதும் கை நின்றுவிடுகிறது. பதில் எப்போது வரும் என்று தெரியாது. என்ன வரும் என்று தெரியாது. வராமலே போகலாம். இதை எப்படிச் சோதிப்பது? மதுரையைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் படித்துவிட்டு வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். பதில் கடினமானதல்ல: டெஸ்ட் ஓடும்போது சர்வரிடம் போகும் ஃபங்ஷனுக்குப் பதிலாக 'மாக்' என்ற போலி ஃபங்ஷனை வைப்பது. ஆனால் இரண்டு மூன்று இடங்களில் கவனமாக இல்லாவிட்டால், எதையுமே சோதிக்காத டெஸ்ட் ஒன்று பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டே இருக்கும். அந்த இடங்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

நம்மூர் உதாரணம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மொத்தமாகப் பூ எடுத்துக் கல்யாண மண்டபங்களுக்கு அனுப்பும் ஒரு வியாபாரிக்கு வெப் ஆப் செய்கிறோம் என்று வையுங்கள். பூவின் பெயரைத் தொட்டால் அன்றைய கிலோ விலை தெரிய வேண்டும். எத்தனை கிலோ என்று சொன்னால் மொத்தத் தொகை வர வேண்டும். உள்ளே இரண்டு ஃபங்ஷன்கள். முதலாவது 'விலைஎடு': பூவின் பெயரை வாங்கிக்கொண்டு சர்வரிடம் விலை கேட்கிறது. இரண்டாவது 'ஆர்டர்தொகை': விலைஎடுவைக் கூப்பிட்டு, வந்த விலையைக் கிலோவால் பெருக்கி, ஆட்டோ வாடகை 150 ரூபாயைச் சேர்த்துத் தருகிறது. ஜாவாஸ்கிரிப்டில் பெயர்களைத் தமிழ் எழுத்தில் வைக்கலாம் என்பதால் இவை அப்படியே ஓடவும் செய்யும்.

நிரலைப் பெட்டி கட்டிக் காட்டாமல் பேச்சாகவே சொல்லிக்கொண்டு போகிறேன். பக்கத்தில் எடிட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு கூடவே தட்டிப் பாருங்கள். ஜெஸ்ட் என்ற டெஸ்ட் கருவியின் பெயர்களைப் பயன்படுத்துகிறேன். அதைப் போன்ற இன்னொரு கருவியான வீடெஸ்ட் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் இதே பெயர்கள்தான். 'ஜெஸ்ட்' என்று வரும் இடத்தில் 'விஐ' என்று போட்டால் போதும்.

முதலில், ப்ராமிஸ் என்றால் என்ன

விளக்குத்தூண் பக்கம் துணி எடுத்து, தையல்கடையில் கொடுக்கிறீர்கள். கடைக்காரர் அளவெடுத்துவிட்டு ஒரு ரசீது கிழித்துத் தருகிறார். கையில் இருப்பது சட்டை இல்லை, ரசீது. சட்டை பிறகு வரும், அல்லது 'துணி பத்தாது' என்று திரும்பி வரும். இரண்டில் ஒன்று நடக்கும்வரை ரசீது உங்கள் பையில் இருக்கும். நீங்கள் வேறு வேலை பார்க்கலாம்.

ப்ராமிஸ் அந்த ரசீதுதான். 2015-இல் வந்த ஜாவாஸ்கிரிப்ட் பதிப்பில் இது மொழியின் பாகமானது. அதற்கு மூன்று நிலைகள் உண்டு. பதில் வராத நிலை பெண்டிங். நல்லபடியாக மதிப்பு வந்துவிட்டால் ஃபுல்ஃபில்டு. பிழையோடு முடிந்தால் ரிஜெக்டட். ஒரு முறை முடிந்துவிட்டால் அப்புறம் நிலை மாறாது. 'தென்' என்று எழுதுவது, மதிப்பு வந்ததும் இதைச் செய் என்று சொல்லி வைப்பது. 'கேட்ச்' என்பது பிழை வந்தால் செய்ய வேண்டியது. 2017 பதிப்பில் வந்த 'அசிங்க்', 'அவெய்ட்' இரண்டும் இதையே படிக்க எளிதாக்கின: ஒரு ப்ராமிஸுக்கு முன்னால் அவெய்ட் போட்டால், அது முடிகிறவரை அந்த ஃபங்ஷன் அதே வரியில் நின்று, மதிப்பைக் கையில் வாங்கிக்கொண்டு மேலே போகும்.

இன்னும் ஒரு விஷயம் முக்கியம். பாடங்களில் இதைச் சீக்கிரம் கடந்துவிடுகிறார்கள். ப்ராமிஸ் ஏற்கெனவே முடிந்திருந்தாலும், 'தென்'னுக்குள் எழுதியது உடனே ஓடாது. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் நிரல் முழுவதும் முடிந்த பிறகுதான், மைக்ரோடாஸ்க் எனப்படும் காத்திருப்பு வரிசையில் அதற்கு முறை வரும். ஆகவே 'மாக்தான் உடனே பதில் தருகிறதே, எதற்குக் காத்திருக்க வேண்டும்' என்று நினைக்கக் கூடாது. உடனே முடிந்த ப்ராமிஸுக்கும் காத்திருந்தே ஆக வேண்டும். டெஸ்டில் வரும் குழப்பங்களில் பாதிக்கு மேல் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

நிஜ சர்வரையே கூப்பிட்டால் என்ன

கூப்பிடலாம். ஆனால் எதை எதிர்பார்ப்பது என்று எழுத முடியாது. சாதாரண நாளில் கிலோ சில நூறு ரூபாய்க்குப் போகும் மல்லி, முகூர்த்த நாளிலும் பொங்கலுக்கு முன்பும் ஆயிரங்களைத் தொடும். மார்கழிப் பனியில் வரத்து குறைந்தால் இன்னும் ஏறும். ஒரே நாளில் விடியற்காலை ஒரு விலை, வெயில் ஏறியதும் ஒரு விலை. '5 கிலோ மல்லிக்கு 4150 ரூபாய் வர வேண்டும்' என்று இன்று எழுதிய டெஸ்ட் நாளைக்கே சிவப்பாகிவிடும், நிரலில் ஒரு எழுத்தும் மாறாமல்.

நெட் இல்லாவிட்டால் டெஸ்ட் விழும் என்பதும், நூறு டெஸ்டுகள் நூறு முறை சர்வருக்குப் போனால் நேரம் ஆகும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த காரணங்கள். எனக்கு அவற்றைவிடப் பெரிதாகப் படுவது வேறு. நிஜ சர்வரிடம் 'இப்போது விழுந்து காட்டு' என்று சொல்ல முடியாது. 'இந்தப் பதிலை மட்டும் தாமதமாகக் கொடு' என்றும் கேட்க முடியாது. மாக் இருந்தால் முடியும். வெற்றி, தோல்வி, தாமதம், வரிசை நான்கும் நம் கைக்கு வந்துவிடும். மாக் செய்யக் கற்றுக்கொண்டு, வெற்றியை மட்டும் சோதித்துவிட்டு நிறுத்துபவர்கள் அதன் கால்வாசிப் பயனைக்கூட எடுப்பதில்லை என்பேன்.

மாக்கை உள்ளே நுழைப்பது

மாக் என்பது நிஜ ஃபங்ஷன் இருக்கிற இடத்தில் நாம் வைக்கும் மாற்று ஃபங்ஷன். ஜெஸ்டில் 'ஜெஸ்ட்.எஃப்என்' என்று கூப்பிட்டால் ஒன்று கிடைக்கும். தன்னை யார், எத்தனை முறை, என்ன கொடுத்துக் கூப்பிட்டார்கள் என்பதை அது குறித்து வைத்துக்கொள்ளும்.

அதை ஆர்டர்தொகைக்குள் எப்படிக் கொண்டுபோவது? எளிய வழி, விலைஎடுவை ஆர்டர்தொகைக்கு ஒரு ஆர்கியுமென்டாகக் கொடுத்துவிடுவது. ஆப் ஓடும்போது நிஜ விலைஎடு, டெஸ்ட் ஓடும்போது மாக். எந்தக் கருவியின் மாயமும் இதற்குத் தேவையில்லை. புதிதாகக் கற்பவர்கள் இதிலிருந்து தொடங்குவதே நல்லது. விலைஎடு தனி மாட்யூலில் இருந்து இம்போர்ட் ஆகிறது, அந்த நிரலைத் தொட முடியாது என்றால், 'ஜெஸ்ட்.மாக்' என்று மாட்யூலின் பாதையைக் கொடுத்து முழு மாட்யூலையும் மாற்றலாம். பேபல் என்ற நிரல் மாற்றும் கருவி வழியாக ஓடும் வழக்கமான அமைப்பில், அந்த வரியை நீங்கள் எங்கே எழுதினாலும் அது கோப்பின் உச்சிக்கு ஏற்றப்பட்டுவிடும். மேலே அறிவித்த மாறி உள்ளே கிடைக்கவில்லை என்று பிழை வந்தால் காரணம் இதுதான். ஒரு ஆப்ஜெக்டின் ஒரே ஒரு மெத்தடை மட்டும் மாற்ற 'ஸ்பைஆன்' இருக்கிறது.

சரி, மாக் கையில் இருக்கிறது. அப்படியே கொடுத்து ஓட்டினால் வரும் முதல் பிழை, 'அன்டிஃபைன்டில் தென் என்பதைப் படிக்க முடியவில்லை' என்பது. வெறும் ஜெஸ்ட்.எஃப்என் எதையும் திருப்பித் தராது; மதிப்பே இல்லை என்று பொருள்படும் அன்டிஃபைன்டுதான் கிடைக்கும். ரசீதே கிழிக்கவில்லை, அப்புறம் எதை வைத்து 'தென்' சொல்வது? ஆர்டர்தொகைக்குள் தென்னுக்குப் பதில் அவெய்ட் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அவெய்ட் எதன் முன்னாலும் நிற்கும், அன்டிஃபைன்டு முன்னாலும். பிழை எதுவும் எழாமல், அன்டிஃபைன்டை 5 கிலோவால் பெருக்கி, மொத்தத் தொகை 'நேன்', அதாவது 'எண் அல்ல' என்று வந்து நிற்கும். தொகை நேன் ஆனால் முதலில் மாக் ப்ராமிஸ் தருகிறதா என்று பாருங்கள்.

தர வைப்பதற்கு ஒரு வரி போதும். மாக்கின் மேல் 'மாக்ரிசால்வ்ட்வேல்யூ' என்று கூப்பிட்டு 800 கொடுங்கள். இனி அதை யார் கூப்பிட்டாலும், 800 என்ற மதிப்போடு முடிந்த ஒரு ப்ராமிஸைத் தரும். டெஸ்ட் ஃபங்ஷனுக்கு முன்னால் அசிங்க் போட்டு, உள்ளே ஆர்டர்தொகையை மல்லி, 5 கிலோ என்று அவெய்ட் செய்து கூப்பிட்டு, வந்தது 4150 தானா என்று 'எக்ஸ்பெக்ட்'டில் கேளுங்கள். 800 ஐந்து மடங்கு 4000, ஆட்டோ 150. மாக்கை மல்லி என்ற பெயரோடுதான் கூப்பிட்டதா என்பதையும் சேர்த்துக் கேட்கலாம். இது முக்கியம், ஏனென்றால் மாக் எதைக் கேட்டாலும் 800 தான் சொல்லும். நிரல் தவறுதலாகச் செவ்வந்தி விலையைக் கேட்டிருந்தாலும் தொகை சரியாகவே வந்துவிடும்.

காத்திருக்காத டெஸ்ட்

இப்போது மேலே எழுதிய டெஸ்டில் இருந்து அவெய்ட்டை எடுத்துவிட்டுப் பாருங்கள். சொல்லித் தெரிவதைவிடச் செய்து தெரிவது நிற்கும்.

நேரடியாக 'ஆர்டர்தொகை தந்தது 4150 தானா' என்று கேட்டால் டெஸ்ட் சிவப்பாகும், கிடைத்தது ஒரு ப்ராமிஸ் என்று சொல்லும். இது நல்ல தோல்வி. சட்டைக்குப் பதில் ரசீதை நீட்டினோம், கருவி கண்டுபிடித்துவிட்டது. '4150 தானா' என்பதற்குப் பதில் 'ஏதாவது வந்ததா' என்று மட்டும் கேட்டிருந்தால் பச்சை விழுந்திருக்கும். ரசீதும் ஏதோ ஒன்றுதானே.

இதைவிட மோசமானது அடுத்தது. அவெய்ட் இல்லாமல், ஆர்டர்தொகைக்குப் பின்னால் 'தென்' போட்டு, அதற்குள் எக்ஸ்பெக்ட்டை எழுதுகிறீர்கள். அந்த ப்ராமிஸை ரிட்டர்ன் செய்ய மறந்துவிடுகிறீர்கள். எதிர்பார்ப்பை வேண்டுமென்றே 9999 என்று மாற்றுங்கள். ஜெஸ்டில் ஓட்டுங்கள். பச்சை.

நடப்பது இதுதான். டெஸ்ட் ஃபங்ஷன் கடைசி வரிவரை ஓடி, எதையும் திருப்பித் தராமல் முடிந்தது. காத்திருக்க வேண்டிய ப்ராமிஸ் ஒன்று இருக்கிறது என்று ஜெஸ்ட்டிடம் யாரும் சொல்லவில்லை. அது 'பிழை இல்லை, தேறியது' என்று குறித்துவிட்டது. மைக்ரோடாஸ்க்கில் தென்னின் முறை வந்து, எக்ஸ்பெக்ட் ஓடி, 4150 என்பது 9999 இல்லை என்று பிழை எறிந்தபோது, அதைப் பிடிக்க அங்கே ஆள் இல்லை. வீடெஸ்ட் இப்படிப் பிடிபடாமல் போன பிழையைப் பார்த்தால் மொத்த ஓட்டத்தையே தோல்வி என்று அறிவிக்கும். இந்த விஷயத்தில் அது ஜெஸ்டைவிடக் கறாரானது.

இதே பள்ளம் இன்னொரு வேடத்திலும் வரும். ஜெஸ்டில் 'ரிசால்வ்ஸ்' என்று ஒரு வசதி உண்டு: எக்ஸ்பெக்ட்டுக்குள் ப்ராமிஸையே கொடுத்து, ரிசால்வ்ஸ் என்று சேர்த்து, 4150 தானா என்று கேட்கலாம். படிக்க அழகாக இருக்கும். ஆனால் அந்த முழு வரிக்கும் முன்னால் அவெய்ட் வேண்டும். இல்லாவிட்டால் மேலே சொன்ன கதைதான்.

ஆகவே, ப்ராமிஸ் வருகிற ஒவ்வொரு டெஸ்டையும் எழுதி முடித்ததும் எதிர்பார்ப்பைத் தப்பாக மாற்றி, ஒரு முறை சிவப்பாகிறதா என்று பாருங்கள். அரை நிமிட வேலை. புதிதாகச் சேருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதும் இதைத்தான்: 'இது விழுறதைப் பார்த்தீங்களா?' விழாத டெஸ்டை நான் ஏற்றுக்கொள்வதில்லை. டைப்ஸ்கிரிப்ட் பயன்படுத்துகிறவர்கள், கவனிக்காமல் விட்ட ப்ராமிஸைச் சுட்டிக்காட்டும் 'நோ ஃப்ளோட்டிங் ப்ராமிசஸ்' என்ற லிண்ட் விதியையும் (லிண்ட் என்பது நிரலை ஓட்டாமலே குறை காட்டும் கருவி) போட்டுவிடுங்கள்.

தோல்வியைச் சோதிப்பது

இதைப் பற்றிப் பேசும்போது ஒரு பூ வியாபாரி சொன்னது நினைவுக்கு வரும். 'தம்பி, விலை தெரியலைன்னா தெரியலைன்னு காட்டு. தப்பு விலையை மட்டும் காட்டிராதப்பா.' போனில் பார்த்த விலையை நம்பி மண்டபத்துக்காரரிடம் வாக்குக் கொடுத்துவிட்டால் பின்வாங்க முடியாது. நம் ஆப்பில் தோல்வி என்பது எப்போதாவது நடக்கும் ஓரத்துச் சங்கதி அல்ல, தினசரி. கூட்டம் நெரிகிற மார்க்கெட்டுக்குள் சிக்னல் போய்ப் போய் வரும்.

மாக்கைத் தோற்க வைக்க 'மாக்ரிஜெக்டட்வேல்யூ' என்று கூப்பிட்டு ஒரு எர்ரர் ஆப்ஜெக்டைக் கொடுங்கள். வெறும் சொல்லைக் கொடுக்காமல் எர்ரர் ஆப்ஜெக்டாகவே கொடுப்பது நல்லது. செய்தியோடு, எந்த வரியிலிருந்து வந்தது என்ற தடமும் கிடைக்கும். அப்புறம் டெஸ்டில், எக்ஸ்பெக்ட்டுக்குள் ஆர்டர்தொகையைக் கூப்பிட்டு, 'ரிஜெக்ட்ஸ்' சேர்த்து, 'டு த்ரோ'வில் எதிர்பார்க்கும் செய்தியைக் கொடுத்து, முன்னால் அவெய்ட் போடுங்கள்.

ட்ரை, கேட்ச் வைத்து எழுதப் பழகியவர்கள் இங்கே சறுக்குகிறார்கள். ட்ரைக்குள் ஆர்டர்தொகையை அவெய்ட் செய்து, கேட்ச்சுக்குள் எக்ஸ்பெக்ட்டை எழுதுகிறார்கள். ஆர்டர்தொகை பிழையை விழுங்கிவிட்டு ஏதோ ஒரு எண்ணைத் திருப்பித் தந்தால்? கேட்ச் ஓடாது, எக்ஸ்பெக்ட்டும் ஓடாது, டெஸ்ட் பச்சை. பிழையை விழுங்குவதுதான் நாம் பயந்த குறை. அந்தக் குறை இருக்கும்போதும் இந்த டெஸ்ட் தேறிவிடும். ட்ரை, கேட்ச்தான் வேண்டும் என்றால் டெஸ்டின் முதல் வரியில் 'எக்ஸ்பெக்ட்.அசெர்ஷன்ஸ்' என்று 1 கொடுத்துவிடுங்கள். ஒரு எக்ஸ்பெக்ட்டாவது ஓடவில்லை என்றால் கருவியே தோல்வி என்று சொல்லும்.

விலைஎடுவுக்கே டெஸ்ட் எழுதும்போது, அது சர்வரிடம் கேட்கப் பயன்படுத்தும் ஃபெட்ச் என்ற ஃபங்ஷனை மாக் செய்ய வேண்டியிருக்கும். ஃபெட்ச்சின் குணத்தைத் தெரிந்துகொண்டு மாக் செய்யுங்கள். சர்வர் 500 என்றோ 404 என்றோ பிழை எண்ணைப் பதிலாகச் சொன்னால் ஃபெட்ச் ரிஜெக்ட் ஆகாது. பதில் வந்துவிட்டது என்பதே அதற்கு வெற்றி. ரெஸ்பான்ஸில் 'ஓகே' என்ற இடத்தில் ஃபால்ஸ் என்று இருக்கும், அதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். சர்வரை எட்டவே முடியாமல் நெட்வொர்க் அறுந்தால்தான் ரிஜெக்ட். ஆகவே இங்கே தோல்வி டெஸ்ட் ஒன்று போதாது, இரண்டு வேண்டும்: ஒன்றில் மாக் ரிஜெக்ட் ஆகிறது, இன்னொன்றில் மாக் நல்லபடியாக முடிந்து, ஓகே ஃபால்ஸ், ஸ்டேட்டஸ் 500 என்று ஒரு ஆப்ஜெக்டைத் தருகிறது. 500க்கும் ரிஜெக்ட் என்றே மாக் எழுதினால், நிஜத்தில் என்றைக்கும் நடக்காத ஒன்றைச் சோதித்துக்கொண்டிருப்பீர்கள். பதிலின் உள்ளடக்கத்தை எடுத்துத் தரும் ரெஸ்பான்ஸின் 'ஜேசன்' மெத்தடும் ப்ராமிஸ் தருவதுதான் என்பதால் மாக் ஆப்ஜெக்டில் அதையும் அசிங்க் ஃபங்ஷனாகவே வையுங்கள்.

ஒரு முறை தோற்றால் மறுபடி கேட்டுப் பார்க்கிற வசதி விலைஎடுவில் இருந்தால், 'ஒன்ஸ்' என்று முடியும் பெயர்கள் கைகொடுக்கும். 'மாக்ரிஜெக்டட்வேல்யூஒன்ஸ்', அதைத் தொடர்ந்து 'மாக்ரிசால்வ்ட்வேல்யூஒன்ஸ்' என்று அடுக்கினால் முதல் அழைப்பு தோற்கும், இரண்டாவது ஜெயிக்கும். விலையும் வந்திருக்க வேண்டும், மாக்கை 2 முறை கூப்பிட்டிருக்கவும் வேண்டும்.

பதிலை நம் கையில் வைத்திருப்பது

இதுவரை சொன்ன மாக்குகள் கூப்பிட்டதும் முடிந்துவிடுகிறவை. ஆனால் திரையில் 'விலை வருகிறது...' என்று காட்டுவதைச் சோதிக்க வேண்டும் என்றால், முடியாமல் நிற்கும் ப்ராமிஸ் ஒன்று வேண்டும். நியூ ப்ராமிஸ் என்று எழுதி, உள்ளே எதுவுமே செய்யாத ஒரு ஃபங்ஷனைக் கொடுங்கள். அது பெண்டிங்காகவே கிடக்கும். மாக் அதைத் திருப்பித் தரட்டும். திரையில் 'வருகிறது' தெரிகிறதா, தொகை காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். அதை அவெய்ட் மட்டும் செய்துவிடாதீர்கள். ஜெஸ்ட் 5 வினாடி காத்திருந்து, நேரம் முடிந்தது என்று டெஸ்டைத் தோற்கடிக்கும்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். நியூ ப்ராமிஸுக்குள் கிடைக்கும் ரிசால்வ் ஃபங்ஷனை வெளியே ஒரு மாறியில் எடுத்து வைத்துக்கொண்டால், எப்போது முடிய வேண்டும் என்பதை டெஸ்ட் தீர்மானிக்கும். 2024 பதிப்பில் வந்த 'ப்ராமிஸ்.வித்ரிசால்வர்ஸ்' இதையே ஒரே வரியில் தருகிறது: ப்ராமிஸ், ரிசால்வ், ரிஜெக்ட் மூன்றும் தனித்தனியாகக் கைக்கு வரும்.

இதை வைத்துச் சோதிக்க வேண்டிய குறை ஒன்று இருக்கிறது. ப்ராமிஸ் மாக் எதற்கு என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் செய்து காட்டுவேன்.

வியாபாரி மல்லியைத் தொடுகிறார். சிக்னல் மந்தம், பதில் வரவில்லை. அதற்குள் பிச்சியைத் தொடுகிறார். பிச்சியின் பதில் முதலில் வருகிறது, 600 என்று திரையில் விழுகிறது. வழியில் தங்கிவிட்ட மல்லியின் பதில் இப்போது வந்து சேர்கிறது. நிரல் அதையும் வாங்கித் திரையில் போடுகிறது. தலைப்பில் பிச்சி, கீழே 800 ரூபாய். எங்கேயும் பிழைச் செய்தி இல்லை. அந்த வியாபாரி எதைச் செய்யாதே என்று சொன்னாரோ, அதுவே நடந்துவிட்டது.

உங்கள் மேசையில் நல்ல வைஃபையில் ஆப்பை ஓட்டினால் இது கண்ணில் படவே படாது, பதில்கள் கேட்ட வரிசையிலேயே வந்துவிடும். மாக்ரிசால்வ்ட்வேல்யூ வைத்து எழுதிய டெஸ்டிலும் படாது, அங்கேயும் அதே வரிசைதான். ரிசால்வ் நம் கையில் இருந்தால் உறுதியாகப் பிடிக்கலாம். இரண்டு ப்ராமிஸ்களை உருவாக்குங்கள். 'மாக்இம்ப்ளிமென்டேஷன்' என்பதில், மல்லி என்று கேட்டால் முதலாவது, பிச்சி என்று கேட்டால் இரண்டாவது என்று எழுதுங்கள். டெஸ்டில் மல்லியைத் தொடுங்கள், பிச்சியைத் தொடுங்கள். பிச்சியின் ரிசால்வை 600 என்று கூப்பிடுங்கள். திரையில் 600 வரும்வரை காத்திருங்கள். பிறகு மல்லியின் ரிசால்வை 800 என்று கூப்பிடுங்கள். மல்லியின் ப்ராமிஸை அவெய்ட் செய்யுங்கள். திரையில் இன்னமும் 600 தான் இருக்க வேண்டும்.

கடைசி அவெய்ட் எதற்கு? ரிசால்வைக் கூப்பிட்ட அடுத்த வரியிலேயே திரையைப் பார்த்தால், குறையுள்ள நிரலிலும் 600 தான் இருக்கும். மல்லியின் தென்னுக்கு இன்னும் முறை வரவில்லை. டெஸ்ட் பச்சையாகிவிடும், குறை ஒளிந்துகொள்ளும். நிரலில் அடுத்தடுத்துப் பல தென்கள் இருந்தால் ஒரு அவெய்ட் போதாமலும் போகலாம். அப்போது செட்டைம்அவுட்டில் பூஜ்யம் கொடுத்து, அதைச் சுற்றி ஒரு ப்ராமிஸ் கட்டி அவெய்ட் செய்தால் அதுவரை வரிசையில் நின்ற மைக்ரோடாஸ்க்குகள் எல்லாம் ஓடி முடிந்திருக்கும். போதுமா இல்லையா என்று தெரிந்துகொள்ள, குறையைச் சரிசெய்வதற்கு முன்பே இந்த டெஸ்டை எழுதி ஓட்டுங்கள். சிவப்பாக வேண்டும். அப்புறம் நிரலுக்குப் போய், ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு எண் கொடுத்து, கடைசி எண்ணுக்கு வந்த பதிலை மட்டும் திரையில் போடுங்கள்; அல்லது அபார்ட் கன்ட்ரோலர் வைத்துப் பழைய கேள்வியை ரத்து செய்யுங்கள். பச்சையாகும்.

ரியாக்ட்டில் திரையைச் சோதிப்பவர்கள், 600 வரும்வரை காத்திருக்க டெஸ்டிங் லைப்ரரியின் 'ஃபைண்ட்பை' வகைத் தேடல்களைப் பயன்படுத்துங்கள். அவை ப்ராமிஸ் தருபவை, அவெய்ட் வேண்டும். 'கெட்பை' வகை அந்த நொடியில் இருப்பதை மட்டும் பார்க்கும்.

நேரக்கெடு உள்ள நிரலுக்கு ஒரு வார்த்தை. '10 வினாடியில் விலை வராவிட்டால் நெட் சரியில்லை என்று காட்டு' என்பதைச் சோதிக்க 10 வினாடி உட்கார்ந்திருக்க வேண்டாம், ஜெஸ்டின் போலி டைமர்களால் கடிகாரத்தை நகர்த்தலாம். ஆனால் டைமர்களை நகர்த்துவது ப்ராமிஸ்களை நகர்த்தாது. இரண்டும் கலந்த நிரலுக்கு, பெயர் 'அசிங்க்' என்று முடிகிற டைமர் மெத்தடுகளை எடுத்து அவெய்ட் செய்யுங்கள். அவை நடுநடுவே ப்ராமிஸ்களுக்கும் வழிவிடும். பழைய ஆங்குலர்ஜேஎஸ் ஆப்களை இன்னும் பராமரிக்கிறவர்களும் நம் பக்கம் இருக்கிறார்கள். அதன் ஆதரவு 2022 தொடக்கத்தோடு நின்றுவிட்டாலும் ஆப்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அதில் வரும் 'க்யூ' ப்ராமிஸ்கள் மைக்ரோடாஸ்க்கில் ஓடுபவை அல்ல. டெஸ்டில் ரூட்ஸ்கோப்பின் 'டைஜெஸ்ட்'டை நாமே கூப்பிட்டால்தான் தென் ஓடும். அவெய்ட் போட்டுக் காத்திருந்து பயனில்லை.

மிச்சம் வைக்காமல் துடைப்பது

ஒரு டெஸ்டில் வைத்த மாக் அடுத்த டெஸ்டுக்குள் வழிந்துவிடக் கூடாது. ஜெஸ்டில் 'மாக்கிளியர்' அழைப்புக் கணக்கை மட்டும் அழிக்கும். 'மாக்ரீசெட்' கொடுத்து வைத்த பதில்களையும் சேர்த்து அழிக்கும். ஸ்பைஆன் வைத்து மாற்றியதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது 'மாக்ரீஸ்டோர்'. ஒன்ஸ் என்று அடுக்கிவைத்ததில் ஒன்று பயன்படாமல் தங்கிவிட்டால் கிளியர் அதைத் தொடாது. அடுத்த டெஸ்டின் முதல் அழைப்புக்கு அது போய்ச் சேரும். தனியாக ஓட்டினால் தேறுகிற டெஸ்ட், எல்லாவற்றோடும் சேர்த்து ஓட்டினால் விழுகிறது என்றால் முதலில் இங்கே தேடுங்கள். ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன்பு ரீசெட் நடக்கும்படி அமைப்புக் கோப்பில் எழுதிவிடுவது என் வழக்கம். இதற்கு ஈடாக, மாக்கின் பதில்களை ஒவ்வொரு டெஸ்டுக்குள்ளும் திரும்ப எழுத வேண்டும். படிப்பவருக்கு அதுவும் வசதிதான், டெஸ்ட் எதை நம்பியிருக்கிறது என்பது அதே இடத்தில் தெரியும்.

எதை மாக் செய்யக் கூடாது என்றும் சொல்ல வேண்டும். ஆர்டர்தொகையைச் சோதிக்கும்போது ஆர்டர்தொகையையே மாக் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன்; அங்கே சோதிக்கப்படுவது மாக் மட்டும்தான். பெருக்கல் செய்கிற, தேதியை எழுத்தாக்குகிற சின்ன ஃபங்ஷன்களை மாக் செய்யத் தேவையில்லை. சர்வர், ஸ்டோரேஜ், கடிகாரம் என்று நம் நிரலுக்கு வெளியே போகிற வாசல்களில் மட்டும் மாக் நிற்கட்டும்.

கடைசியாக, மாக்கால் கண்டுபிடிக்கவே முடியாத ஒன்று. சர்வர் எழுதுகிறவர்கள் ஒரு நாள் விலையை 800 என்ற எண்ணாக அனுப்பாமல், '800' என்ற எழுத்தாக அனுப்பத் தொடங்கலாம். உங்கள் மாக் தொடர்ந்து எண்ணையே தரும், எல்லா டெஸ்டும் பச்சையாகவே இருக்கும். 5 கிலோவால் பெருக்கும்போதும் ஒன்றும் தெரியாது, ஜாவாஸ்கிரிப்ட் எழுத்தை எண்ணாக்கிப் பெருக்கிவிடும். ஆனால் விலையோடு கிலோவுக்கு 20 ரூபாய் கமிஷன் கூட்டுகிற வரி ஒன்று எங்காவது இருந்தால், 820 ஆக வேண்டியது 80020 ஆகிவிடும். இதற்கு நான் செய்வது: சர்வரின் நிஜப் பதில் ஒன்றை அப்படியே ஜேசன் கோப்பாகச் சேமித்து, மாக்குகள் எல்லாம் அந்தக் கோப்பிலிருந்தே பதிலை எடுக்கும்படி வைப்பது. கூடவே, நிஜ சர்வரைக் கூப்பிட்டு, பதிலின் வடிவம் அந்தக் கோப்போடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்க்கும் தனி டெஸ்ட் ஒன்று. விலை எவ்வளவு என்று அது பார்க்காது. விலை என்ற பெயரில் ஒன்று இருக்கிறதா, அது எண்தானா என்று பார்க்கும். அதை மற்ற யூனிட் டெஸ்டுகளோடு கலக்காமல், இரவில் ஒரு முறை தானாக ஓடும்படி வைத்துவிட்டால், மார்க்கெட் திறப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.